ஸ்டேஷன் மாஸ்டரின் இன்னொரு வீடு

ஜனவரி 12

ஸ்டேஷன் மாஸ்டர் அவர்களுக்கு,

இப்படித்தான் ஆரம்பிக்கணும் போல இருக்கு. ஊரே உங்களை அப்படித்தான் கூப்பிடுது.

போன்ல பேச வேண்டாம்னு நான் சொன்னதைக் கோபம்னு நினைச்சிருப்பீங்க. பாதிதான் கோபம். மீதி நம்ம வாண்டு. நீங்க பேசி வெச்ச அன்னைக்கெல்லாம் அவ சாப்பிடறதில்ல, வீட்டுப்பாடம் எழுதறதில்ல, தொட்டதுக்கெல்லாம் அழுகை. ஏழு வயசுக் குழந்தைக்கு அஞ்சஞ்சு நிமிஷமா அப்பா வந்து வந்து போனா எப்படி இருக்கும்? அதுவும் போக, நாம ரெண்டு பேரும் போன்ல பேசினா மூணாவது பேச்சுலயே சண்டை. கடிதம்னா நான் சொல்ல வந்ததை முழுசா சொல்லி முடிக்கலாம். "ஷாட் ரெடி, கூப்பிடறாங்க"ன்னு நீங்க நடுவுல ஓட முடியாது.

உங்க தொடரை நாங்களும் பார்க்கிறோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆனா தெருவுல ஆள் நடமாட்டமே இல்ல. நூறு வருஷத்துக்கு முந்தின ரயில்வே ஸ்டேஷன், அதை ஒட்டி ஒரு சின்ன வீடு, அதுல ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், அவர் சம்சாரம், ஒரு பெண் குழந்தை. இதுல என்ன இருக்குன்னு எல்லாரும் இப்படி உருகறாங்களோ.

நேத்து காது மெஷின் வாங்க ஒரு தாத்தா கிளினிக்குக்கு வந்தார். சோதனை அறையில உக்கார வெச்சு, ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க"ன்னேன். கதவை இன்னும் சாத்தல. அவர் என்னையே உத்துப் பார்த்துட்டு, "நீ ஸ்டேஷன் மாஸ்டர் சம்சாரம்தானே? வீட்டுலயும் உன்னை இப்படித்தான் தாங்கறானாம்மா?"ன்னு கத்தினார். வெளியில காத்திருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தாங்க. அத்தனை பேரும் காது கேட்காதவங்க. அவங்களுக்கே கேட்டுதுன்னா பார்த்துக்கோங்க.

நான் என்ன பதில் சொல்லுவேன்? போன வாரம் மழையில, தொடர்ல உங்க சம்சாரமா வர்ற அந்தம்மாவுக்குக் குடை பிடிச்சுக்கிட்டு பிளாட்பாரம் முழுக்க நடந்தீங்க. உங்க தோள் ரெண்டும் தொப்பலா நனைஞ்சு போச்சு. என்னோட வந்தப்போ இருந்த ஒரே குடையையும் பஸ்ல விட்டுட்டு இறங்கினவர் நீங்க.

அதெல்லாம் போகட்டும். அந்தக் குழந்தைக்கு நீங்க தலை பின்னி விட்டீங்க பாருங்க, அப்போ நம்ம வாண்டு எழுந்து வெளியில போயிட்டா. "அப்பாவுக்குப் பின்னத் தெரியாது. அது அப்பா இல்ல"ன்னுட்டா. இப்பல்லாம் ஆறு மணி ஆனா மாடிக்குப் போயிடறா.

மாமா மட்டும் கூடத்துலயே இருக்கார், பேப்பரை முகத்துக்கு நேரா விரிச்சு வெச்சுக்கிட்டு. வேலையை விட்டுட்டு நடிக்கப் போனீங்கன்னு நாலு வருஷமா பெத்த பிள்ளை உங்ககூடப் பேசாத மனுஷன். ஆனா அந்த ஒரு மணி நேரமும் பேப்பர்ல பக்கம் திரும்பறதே இல்ல.

ஆறு மாசம்னு சொல்லிட்டுப் போனீங்க. ரெண்டாம் பாகமும் வருதுன்னு பத்திரிகையில போட்டிருக்கான். நான் பத்திரிகை படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமா?

உங்க நிஜ வீட்டுக்காரி


ஜனவரி 21

காது டாக்டரம்மாவுக்கு,

நீ டாக்டர் இல்ல, தெரியும். திட்டறதுக்குன்னு எழுதினா மட்டும் உன் கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கு!

அந்த மழை தண்ணி லாரியில வந்த மழை. பதினோரு தடவை எடுத்தாங்க. எனக்குச் சளி பிடிச்சு மூணு நாள் குரலே இல்ல. பிளாட்பாரம் பலகையில செஞ்சது, வேகமா நடந்தா ஆடும். ரயில்ல முன்பக்கம் இன்ஜின் இருக்கு, ஒன்றரைப் பெட்டி இருக்கு, அதுக்குப் பின்னால ஒண்ணுமே இல்ல. கடிகாரம் எப்பவும் நாலு பத்து. நீ சொல்ற "அந்தம்மா"வுக்குக் காலேஜ் படிக்கிற பசங்க ரெண்டு பேர். ஷாட் இல்லாத நேரத்துல ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு, மூட்டு வலிக்கு என்ன தைலம் நல்லதுன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டு இருப்பாங்க. இதுக்கா உனக்கு வயித்தெரிச்சல்?

தலை பின்னினதைப் பத்தி... இதை நாலு தடவை எழுதி நாலு தடவை அடிச்சுட்டேன். மேக்கப் அக்காகிட்ட ஒரு விக்கை வாங்கி வெச்சுக்கிட்டு நாலு நாள் பழகினேன். ரெண்டாம் நாளே காட்சிக்குப் போதும்னு சொல்லிட்டாங்க. மிச்ச ரெண்டு நாளும் பழகினது வீட்டுக்கு வந்து வாண்டுவுக்குப் பின்னி விடத்தான். இதைச் சொன்னா நீ நம்ப மாட்ட. ஆனா அவகிட்ட சொல்லு.

ரெண்டாம் பாகத்துக்கு நான் இன்னும் கையெழுத்துப் போடல. கேட்டாங்க. யோசிச்சு சொல்றேன்னேன். வேலையில இருந்தப்போலேர்ந்து பதினஞ்சு வருஷமா கூட்டத்துல நிக்கறவன், கதவைத் திறந்து விடறவன், பொணமா நடிச்சவன் நான். முதல் தடவையா என்னை நம்பி ஒரு கதை எழுதியிருக்காங்க. உடனே முடியாதுன்னு சொல்ல வாய் வரல. உங்கிட்ட மறைச்சது தப்பு.

அப்பா நிஜமாவே பார்க்கிறாரா?

பஸ்ல குடையை விட்டவன்


பிப்ரவரி 10

குடை மறதிக்காரருக்கு,

விக் சமாசாரத்தை வாண்டுகிட்ட சொன்னேன். "பொய்"ன்னுட்டுப் போனா. பத்து நிமிஷம் கழிச்சு வந்து, "விக்ல சிக்கு விழுமா?"ன்னு கேட்டா. நேத்து ஆறு மணிக்கு மாடிக்குப் போகல. கதவுகிட்ட நின்னே பார்த்தா.

நேத்து வந்த பகுதியைப் பத்தித்தான் எழுத உக்காந்தேன். அந்தம்மா உங்க மேல கோபமா இருக்காங்க. நேரா பேசாம குழந்தைகிட்ட சொல்றாங்க, "பசிச்சா வந்து சாப்பிடலாம்னு உங்க அப்பாகிட்ட சொல்லு." நீங்க, "உங்க அம்மா சாப்பிடாம நான் சாப்பிட மாட்டேன்னு சொல்லு"ங்கறீங்க. அது ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடிக் களைச்சுப் போய், "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?"ன்னு கேக்குது.

அது நம்ம வீட்டுச் சண்டை! வாண்டு கேட்ட அதே கேள்வி, அப்படியே! நான் வாயைப் பொத்திக்கிட்டேன். பேப்பருக்குப் பின்னாலேர்ந்து ஒரு சிரிப்பு வந்துது. இருமலா மாத்திக்கிட்டார் மாமா. ஆமா, பார்க்கிறார்.

கதை எழுதற அக்காகிட்ட நீங்கதானே சொன்னீங்க? எனக்குக் கோபம் வரல. வந்திருக்கணும், வரல. கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துது. அத்தனை வீட்டுல சிரிக்கிறாங்களே, அது என் கோபம்.

ஆனா ஒண்ணு. இனிமே எடுக்கறதா இருந்தா என்னைக் கேட்டுட்டு எடுங்க. நம்ம வீட்டுல எல்லாமே வெளியில வெக்கற சாமான் இல்ல.

சளி போச்சா?


பிப்ரவரி 18

என் அன்புக்கு,

கேட்டுட்டு எடுங்கன்னு நீ எழுதினது இன்னைக்குத்தான் ஷூட்டிங்குக்குச் சாமான் கொண்டு வர்ற வண்டியில வந்துது. நாலு நாள் முன்னாடி வந்திருக்கணும். நான் ஒண்ணை எடுத்துட்டேன்.

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். கதையில ஸ்டேஷன் மாஸ்டருக்கு ரெண்டாவதா ஒரு பையன் பிறக்கிறான். ரெண்டு நாள்தான் இருக்கான். இப்படி வரும்னு எனக்கு முன்னாலயே தெரியும். உங்கிட்ட சொல்ல தைரியம் வரல. நம்ம விஷயம் எழுத்தாளரக்காவுக்குத் தெரியாது. சத்தியமா நான் சொல்லல. அது அவங்களாவே எழுதினது.

எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்துல நின்னு, போற ரயிலைப் பார்க்கிறார். எடுத்து முடிச்சோம். அடுத்த காட்சிக்காக வீட்டுக்குள்ள சாமானெல்லாம் வெச்சிருந்தாங்க. கட்டில் மேல ஒரு குட்டிச் சட்டை. நான் உக்காந்தேன். பட்டன் ஒவ்வொண்ணா போட்டேன். ரெண்டு கையையும் உள்பக்கம் மடக்கினேன். நாலா மடிச்சு மடியில வெச்சேன். அப்புறம் பிரிச்சேன். திரும்பவும் பட்டன் போட்டேன், திரும்பவும் மடிச்சேன். கேமரா ஓடிக்கிட்டு இருந்ததே எனக்குத் தெரியாது. டைரக்டர் யாரையும் அசைய விடலையாம். எழுந்திரிக்கப் பார்த்தா என்னால முடியல. அழுதுட்டேன். அந்தம்மா வந்து கைத்தாங்கலா வெளியில கூட்டிட்டுப் போனாங்க.

அதை அப்படியே வெச்சுக்கப் போறாங்க. மார்ச் 16-ம் தேதி வருது. திரையில பார்த்துத்தான் நீ தெரிஞ்சுக்கணும்னு இருக்கக் கூடாது. அதான் எழுதறேன்.

நான்


பிப்ரவரி 25

கடிதம் வந்துது.

நம்ம பையன் ரெண்டு நாள் இருந்தான். மூணாம் நாள் வெறுங்கையோட வீட்டுக்கு வந்தோம். உள் அறையில உக்காந்து, அவனுக்காக நான் தெச்ச சட்டையை மடிச்சு மடிச்சுப் பிரிச்சுக்கிட்டு இருந்தேன். "ஒத்திகை இருக்கு, போகணும்"னு கூடத்துல உங்க குரல் கேட்டுது. செருப்புச் சத்தம் கேட்டுது. போயிட்டீங்க.

ஒன்பது வருஷம் ஆச்சு. ஒரு நாளாவது அதைப் பத்தி நான் கேட்டிருக்கேனா? இவருக்கு வலிக்கல, சில பேர் அப்படித்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்படிச் சொல்லித்தான் உங்ககூட வாழப் பழகினேன். இப்போ எங்கேர்ந்து வந்துது அந்த அழுகை? கேமரா வந்தா வலிக்குமா? யாரோ எழுதின குழந்தைக்கு அழுதீங்க. நம்ம குழந்தைக்கு?

இன்னொண்ணு கேக்கறேன். பட்டன் போட்டதும், கையை உள்ள மடக்கினதும், திரும்பத் திரும்பப் பிரிச்சதும் உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அங்க இல்லையே.


மார்ச் 2

நான் அங்க இருந்தேன்.

உனக்கு டீ போட்டு எடுத்துட்டு வந்தேன். கதவு ஒருக்களிச்சிருந்துது. நீ சட்டையை மடிக்கிறதைப் பார்த்தேன். உள்ள வரணும்னு ஒரு காலை வெச்சேன். நான் உள்ள வந்தா அழுதுடுவேன், நானும் அழுதா உன்னை யார் பிடிச்சுக்கறதுன்னு ஒரு முட்டாள்தனமான பயம். டம்ளர் கையிலயே ஆறிப் போற வரைக்கும் கதவுக்குப் பின்னால நின்னேன். அப்புறம் ஒத்திகைன்னு சொல்லிட்டுப் போனேன்.

அன்னைக்கு ஒத்திகையே இல்ல. நாடகக் குழுவுல எல்லாருக்கும் விஷயம் தெரியும், பத்து நாளைக்கு யாரும் வரப் போறதில்லன்னு முன்னாலயே சொல்லிட்டாங்க. ஒத்திகை நடக்கிற ஹால் பூட்டியிருந்துது. மாடிப்படியில உக்காந்தேன். அழுதேன். முகத்தைக் கழுவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீ தூங்கற மாதிரி படுத்திருந்த. நானும் ஒண்ணும் நடக்காத மாதிரி படுத்தேன். மறுநாள் சொல்லலாம்னு பார்த்தேன். அப்படியே ஒன்பது வருஷம்.

நான் நல்லா நடிச்சது அது ஒண்ணுதான். அது உன்கிட்ட.

டைரக்டர்கிட்ட பேசிட்டேன். எதுக்குன்னு சொல்லல, வீட்டு விஷயம்னேன். வேண்டாம்னா அந்தக் காட்சியை வெட்டிடறேன்னார். ரயிலைப் பார்க்கிறதோட முடிஞ்சுடும். அது உன்னோடது, நீதான் சொல்லணும்.

ரெண்டாம் பாகத்துக்கு முடியாதுன்னு சொல்லிட்டேன்.


மார்ச் 9

வெட்ட வேண்டாம். நான் பார்க்கணும்.


மார்ச் 17

உங்களுக்கு,

பார்த்துட்டேன். கிளினிக்குக்கு இன்னைக்கு லீவு போட்டுட்டு எழுதறேன். ஒழுங்கா வருமான்னு தெரியல. வர்றபடி எழுதறேன்.

நேத்து அஞ்சே முக்காலுக்கே வாண்டுவை எதிர் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தேன். "இன்னைக்கு மட்டும் ஏன்?"ன்னு பிடிவாதம். சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன். மாமா பேப்பரோட வந்து உக்காந்தார்.

ரயில் போற வரைக்கும் நான் கல்லு மாதிரி இருந்தேன். நீங்க கட்டில்ல உக்காந்தீங்க. முதல் பட்டனைப் போட்டதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் தெச்ச சட்டையில மேல் பட்டன் கொஞ்சம் இறுக்கம், கட்டை விரலால அழுத்தணும். ஷூட்டிங் சட்டையில அப்படி இருந்திருக்காது. ஆனா நீங்க அழுத்தினீங்க. கதவுக்குப் பின்னாலேர்ந்து அவ்வளவு உன்னிப்பாவா பார்த்தீங்க?

நான் அழுதேன். சத்தமாவே அழுதேன். வாண்டு பயந்து போய் என் கழுத்தைக் கட்டிக்கிட்டா.

மாமா பேப்பரை மடிச்சுக் கீழ வெச்சார். டிவியைப் பார்த்துக்கிட்டே சொன்னார், "அன்னைக்கு அவனைத் தேடிக்கிட்டு நான் போனேன்மா. ஹால் மாடிப்படியில தனியா உக்காந்திருந்தான். பக்கத்துல போய் உக்காரணும்னு தோணுச்சு. ஆம்பளைப் பையன், நான் பார்த்துட்டேன்னு தெரிஞ்சா கூசுவான்னு திரும்பி வந்துட்டேன். உக்காந்திருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து வந்து என் தலையில கை வெச்சுட்டு, வாசல் பக்கம் போயிட்டார்.

உங்க கடிதத்தை நான் நம்பாம இல்ல. ஆனா அவர் சொன்னப்போதான் அந்தப் படியில உக்காந்திருக்கிற உங்களை என்னால பார்க்க முடிஞ்சுது. முப்பது வயசு. தனியா. நான் இங்க தனியா. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர்னு என்ன குடும்பம் நடத்தியிருக்கோம் நாம!

அப்புறம் நடந்ததைக் கேளுங்க. "அந்தப் பாப்பா யாரும்மா? ஏன் அழற?"ன்னு வாண்டு விடல. பீரோவோட மேல் தட்டுலேர்ந்து டப்பாவை எடுத்தேன். சட்டையைக் காட்டினேன். உனக்கு முன்னால ஒரு அண்ணன் இருந்தான், ரெண்டு நாள் இருந்தான், அப்புறம் இல்லன்னு சொன்னேன். இவ்வளவு சின்னவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு இத்தனை வருஷம் பயந்தேனே, மூணு வாக்கியத்துல முடிஞ்சு போச்சு.

அவ சட்டையைத் தன் நெஞ்சுல வெச்சு அளவு பார்த்தா. அப்புறம், "அப்போ நான் தங்கச்சியா?"ன்னு கேட்டா.

ஆமாம்னேன்.

அவ முகம் மலர்ந்ததை நீங்க பார்த்திருக்கணும். வகுப்புல எல்லாருக்கும் அண்ணனோ அக்காவோ இருக்காங்களாம், இவ மட்டும்தான் ஒத்தையாம். இன்னைக்குக் காலையில பள்ளிக்கூட வேன் டிரைவர்கிட்ட, "நான் ஒரு தங்கச்சி"ன்னு சொல்லிட்டுத்தான் ஏறினா.

"அண்ணன் பேர் என்ன?"ன்னு கேட்டா. நாம பேர் வெக்கலையே. அதையும் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துடுச்சு. "பேர் இல்லாம எப்படிக் கூப்பிடறது?"ன்னு சண்டை. தூங்கப் போறதுக்குள்ள அவளே ஒரு பேர் வெச்சுட்டா. என்கிட்ட சொல்ல மாட்டேங்கறா. அப்பாகிட்டதான் முதல்ல சொல்லுவாளாம். கடிதத்துல எழுதறேன் சொல்லுன்னா, "எழுதக் கூடாது, நேர்ல"ங்கறா.

கடைசியா ஒண்ணு. ரெண்டாம் பாகத்துக்கு முடியாதுன்னு யாரைக் கேட்டுச் சொன்னீங்க? போய் சரின்னு சொல்லுங்க. நேத்து அத்தனை பேர் வீட்டுலயும் ஒரு மனுஷன் உக்காந்து குட்டிச் சட்டையை மடிச்சான். இன்னைக்குக் காலையில பக்கத்து வீட்டு அக்கா, இதுவரைக்கும் சும்மா தலையாட்டிட்டுப் போறவங்க, சுவர் ஓரமா நின்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "எங்களுக்கும் ஒண்ணு இருந்துது"ன்னாங்க. அவ்வளவுதான். அந்த வேலையை விடச் சொல்ல நான் யாரு? லீவுல நாங்க அங்க வர்றோம். ஆடற பிளாட்பாரத்துல வாண்டு குதிச்சா உங்க ஸ்டேஷன் தாங்குமான்னு மட்டும் கேட்டு வைங்க.

ஆனா அதுக்கு முன்னால ஒரு தடவை வாங்க. எனக்காக வாங்கன்னு எழுத வெக்கமா இருக்கு. வாண்டு கூப்பிடறான்னு வெச்சுக்கோங்க.

உங்க வீட்டுக்காரி


மார்ச் 21, மத்தியானம் மூணரை மணி

உன் கிளினிக்ல, வரிசையில ஏழாவது நாற்காலியிலேர்ந்து எழுதறேன்.

உள்ள நோயாளி இருக்காங்க, சோதனை நடக்கும்போது கதவைத் திறக்கக் கூடாதுன்னு உங்க ரிசப்ஷன் பொண்ணு கண்டிப்பா சொல்லிட்டா. "நான் அவங்க வீட்டுக்காரர்"னேன். "அது எனக்கே தெரியும் சார், இருந்தாலும் உக்காருங்க"ன்னா. அதான் இந்தச் சீட்டு. கதவு திறந்ததும் உள்ள குடுக்கறேன்னு சொல்லியிருக்கா.

உன் கடிதம் நேத்துக் காலையில வந்துது. படிச்சுட்டு அப்படியே டைரக்டர் முன்னால போய் நின்னேன். என் முகத்தைப் பார்த்துட்டு, "பத்து நாள்"னார். மத்தியான ரயிலைப் பிடிச்சேன். நிஜ ரயில், முழுசா பதினெட்டுப் பெட்டி. ரெண்டாம் பாகத்தைப் பத்தி நேர்ல சண்டை போட்டுக்கலாம்.

வீட்டுக்குப் போனேன். அப்பாதான் கதவைத் திறந்தார். நாலு வருஷத்துல முதல் தடவையா, "இளைச்சிருக்க. சாப்பாடு சரியில்லையா?"ன்னார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "முதல்ல போய் குழந்தையைக் கூட்டிட்டு வா, மத்ததெல்லாம் அப்புறம்"னு செருப்பை எடுத்து முன்னால போட்டார். நான் குனிஞ்சு மாட்டிக்கிற வரைக்கும் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு இருந்தார்.

வாண்டு இப்போ என் மடியில. பள்ளிக்கூட வாசல்ல என்னைப் பார்த்ததும் ஓடி வரல. நின்னு மேலயும் கீழயும் பார்த்துட்டு, ரிப்பனை அவிழ்த்து என் கையில குடுத்துட்டுத் திரும்பி நின்னா. அங்கேயே, எல்லாரும் பார்க்க, பின்னி விட்டேன். கொஞ்சம் கோணல்தான். விக் தலையை ஆட்டாது, இவ ஆட்டறா.

இங்க ஒரு தாத்தா என்னை அடையாளம் கண்டுபிடிச்சுட்டார். "ஸ்டேஷன் மாஸ்டரே, உனக்கும் காது போச்சா?"ன்னு கத்தறார். இல்ல தாத்தா, வீட்டுக்காரியைப் பார்க்க வந்தேன்னேன். மூணு தடவை சொல்ல வேண்டியிருந்துது. கடைசி தடவை நான் கத்தினது உனக்கு உள்ள வரைக்கும் கேட்டிருக்கும்.

பேரைச் சொல்லிட்டா. வர்ற வழியில, ரோட்டோரமா என்னை உக்கார வெச்சு, காதுகிட்ட வாயை வெச்சு, சத்தமில்லாம சொன்னா. அப்புறம் அவதான் கையைப் பிடிச்சு எழுப்பினா.

இப்போ நான் உன்கிட்ட சொல்லணுமாம். எழுதக் கூடாதாம். அவ கூடவே நிப்பாளாம், காதுலதான் சொல்லணுமாம்.

வெளிய வா.